செஃப் என்றால் கத்தத்தான் வேண்டுமா? மகன் ட்ரெய்னிங்கில் இருக்கிறான், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மல்லிப்பூ_மதுரை

எல்லோருக்கும் வணக்கம். என் மகன் கேட்டரிங் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஆறு மாத ட்ரெய்னிங்குக்காக வேறு ஊரில் ஒரு பெரிய ஹோட்டலில் இருக்கிறான். போன வாரம் ஒரு நாள் லீவில் வந்தவன், முழுக்கைச் சட்டையை மடிக்காமலே சாப்பிட உட்கார்ந்தான். கையைப் பிடித்துப் பார்த்தால், இடது மணிக்கட்டுக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்குக் கொப்புளம், உடைந்து நீர் கசிகிறது. ஓவனிலிருந்து ட்ரே எடுக்கும்போது பட்டதாம். "யாரிடமும் சொல்லலையாடா?" என்றால், "செஃப் திட்டுவார்மா, டவலைச் சுத்திக்கிட்டு சர்வீஸை முடிச்சேன்" என்கிறான்.

அப்புறம் மெதுவாகத்தான் ஒவ்வொன்றாக வந்தது. எல்லார் முன்னாலும் என்னை, அதாவது அவன் அம்மாவை, சேர்த்துத் திட்டியிருக்கிறார்கள். ஒரு நாள் அவன் நறுக்கிய கேரட் முழுவதையும் தலைவழியாகக் கொட்டியிருக்கிறார்கள். நான் அழுதுவிட்டேன். அவன் அழவில்லை. "செஃப்னா அப்படித்தாம்மா. கார்டன் ராம்ஸேயைப் பாரு" என்று போனை நீட்டினான். டிவி சமையல் நிகழ்ச்சிகளில் வரும் பிரிட்டிஷ் செஃபாம். போன் நிறைய அவர்தான்.

மூன்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். தட்டைத் தள்ளுகிறார், மீனைச் சுவரில் எறிகிறார், வயதுவந்த மனிதர்களை 'கழுதை' என்கிறார். உலகமே கைதட்டுகிறது. இந்தத் தொழில் உண்மையிலேயே இப்படித்தானா? சமையலறையில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

கும்பகோணத்தான்

அக்கா, காயத்தைப் படிக்கவே கஷ்டமாக இருந்தது. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால் ராம்ஸே விஷயத்தில் நான் கொஞ்சம் வேறு கட்சி.

அவர் கேமராவுக்காகப் பிறந்தவர் கிடையாது. கால்பந்து வீரராக ஆசைப்பட்டு, கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் வரை போய், முழங்கால் காயத்தால் அந்தக் கனவு முடிந்த பையன். லண்டனில் மார்கோ பியர் வைட்டிடம், ஆல்பர்ட் ரூவிடம், பிறகு பாரிஸில் கீ சவ்வாவிடமும் ஜோயல் ரொபுஷோனிடமும் அடிமட்டத்திலிருந்து வேலை கற்றவர். 1993இல் லண்டனில் ஓபர்ஜீன் உணவகத்தின் செஃப் ஆகி அதற்கு இரண்டு மிஷலின் நட்சத்திரம் (உணவகங்களுக்குக் கொடுக்கும் பெரிய அங்கீகாரம், மூன்றுதான் உச்சம்) வாங்கிக் கொடுத்தார். 1998இல் சொந்த உணவகம், 2001இல் மூன்றாவது நட்சத்திரம். இன்றுவரை அந்த மூன்றும் போகவில்லை. சும்மா கத்துகிறவனால் இருபது வருஷத்துக்கு மேல் இதைக் காப்பாற்ற முடியுமா?

இன்னொன்று. 1998இல் அவர் ஓபர்ஜீனை விட்டு வெளியேறியபோது அவருடைய ஆட்களும் கூடவே வெளியே வந்தார்கள். திட்டு வாங்கிய அதே ஆட்கள்! அடிக்கிற கைதான் அணைக்கும் என்று நம் ஊரில் சொல்வதும் இதைத்தான். குழந்தைகள் கலந்துகொள்ளும் டிவி சமையல் போட்டியான மாஸ்டர்செஃப் ஜூனியர் 2013இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதில் அவரைப் பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துவிடுகிறார். தெரியாதவனிடம் பொறுமை, தெரிந்தே அலட்சியம் செய்கிறவனிடம் கோபம். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

---

இரவுப்பணி

ஒன்பது வருஷம் சமையலறையில் நின்றவன். நான்கு வருஷம் இந்தியாவில், ஐந்து வருஷம் லண்டனில். இப்போது விட்டுவிட்டேன். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சத்தம். சமையலறையில் சத்தம் வேண்டும். எக்ஸாஸ்ட் ஓடுகிறது, பாத்திரம் கழுவும் இயந்திரம் ஓடுகிறது, ஆறு அடுப்பு எரிகிறது. பாஸில் (தட்டுகள் வெளியே போகிற மேடையை அப்படித்தான் சொல்வோம்) நிற்கிறவர் கேஓடியை, அதாவது ஆர்டர் சீட்டைப் பார்த்து, "டேபிள் 12, இரண்டு மீன், ஒரு ஆட்டுக்கறி" என்று கூவுவார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து "யெஸ் செஃப்" என்போம். மீனுக்கு நான்கு நிமிடம், கறி ஏற்கெனவே வெந்து ஓய்வில் இருக்க வேண்டும், சாஸ் அந்த நேரத்தில் சூடாக இருக்க வேண்டும். மூன்று பேர் மூன்று மூலையில் செய்வது ஒரே நொடியில் பாஸுக்கு வர வேண்டும். மெல்லிய குரலில் இது நடக்காது. கத்தியோடு நிற்கிறவருக்குப் பின்னால் போனால் "பின்னால்" என்று கத்தியே ஆக வேண்டும், இல்லையென்றால் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்.

இது கூவுவது. அம்மாவைச் சொல்லித் திட்டுவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பையன்களுக்குக் கொடுத்துவிட்டார்கள், அதுதான் கோளாறு.

இன்றைய பெரிய சமையலறைகளின் அடுக்குமுறையை உண்டாக்கியவர் எஸ்கோஃபியே என்ற பிரெஞ்சுக்காரர். 1870 போரில் ராணுவத்தில் சமைத்தவர். 1890இல் லண்டன் சவாய் ஹோட்டலுக்கு வந்தார். ராணுவத்தைப் போலப் படிநிலை வைத்தார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் கெட்ட வார்த்தையும் கூச்சலும் அவருக்குப் பிடிக்காது என்பதை யாரும் சொல்வதில்லை. ஆர்டரைக் கூவுகிறவரைப் பிரெஞ்சில் 'குரைப்பவர்' என்பார்கள். அந்தப் பெயரையே மாற்றி 'அறிவிப்பவர்' என்று வைத்தவர் அவர். சூட்டில் நிற்கிறவர்கள் மது குடிக்காமல் இருக்க பார்லித் தண்ணீர் வைத்தவர். ஆக, "காலங்காலமாக இப்படித்தான்" என்று உங்கள் மகனிடம் யாராவது சொன்னால், அது உண்மை இல்லை என்று சொல்லுங்கள்.

ராம்ஸேயின் வசவு எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்த கதைதான். மார்கோ பியர் வைட் 1987இல் ஹார்வீஸ் என்ற உணவகத்தைத் திறந்தார். ராம்ஸே அங்கே வேலை பார்த்தார். ஒரு ராத்திரி திட்டுத் தாங்காமல் மூலையில் குந்தி, தலையைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதார். சூடு தாங்கவில்லை என்று சொன்ன ஒரு பையனின் கோட்டையும் பேண்ட்டையும் கத்தியால் கிழித்துவிட்டு, அப்படியே வேலை செய்ய விட்டதாக மார்கோவே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதே மார்கோ 1995இல் மூன்று நட்சத்திரம் வாங்கினார், அதை எட்டிய முதல் பிரிட்டிஷ்காரர். 1999இல் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். மூலையில் அழுத பையன் அப்புறம் வேறு பையன்களை அழவைத்தான். 1999இல் வந்த ஆவணப்படத்தில் ராம்ஸே தன் ஆட்களிடம் பேசுவதைப் பாருங்கள். அந்தச் சொற்களை அவர் எங்கே கேட்டார் என்று நமக்குத் தெரியும்.

கும்பகோணத்தான் அண்ணா, ஆட்கள் கூடவே வந்தார்கள் என்றீர்கள். உண்மைதான். நானும் என்னைத் திட்டிய செஃப் ஒருவர் பின்னால் போயிருக்கிறேன். அவரிடம் வேலை பார்த்தேன் என்று சொன்னால் அடுத்த கதவு திறக்கும், அதனால்தான் போனேன். அதைப் பாசம் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று. அந்த இடத்தில் ஒரு ராத்திரி, நாற்பது லிட்டர் எலும்பு ஸ்டாக்கை (சாஸுக்கு அடிப்படையான எலும்புச் சாறு) ஆறவைத்து ஃப்ரிட்ஜில் ஏற்றுவது என் வேலை. பதினாறு மணி நேரம் நின்ற களைப்பில் மறந்துவிட்டேன். காலை ஏழு மணிக்கு வந்து மூடியைத் திறந்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது, ஓரத்தில் சின்னச் சின்ன நுரை. அது கீழே கொட்ட வேண்டியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். முந்தைய வாரம் இதைவிடச் சின்னத் தப்புக்கு ஒருவன் மேல் சூடான வாணலி பறந்ததைப் பார்த்தவன் நான். பயத்தில் திரும்பக் கொதிக்கவைத்து, நுரையை எடுத்து, லேபிளில் புதுத் தேதி எழுதிவிட்டேன். அன்று ராத்திரி எல்லா சாஸும் அதில்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்கிறேன். நினைக்க மட்டும்தான் முடியும்.

ஒன்றரை வருஷம் கழித்து வேறு இடம். அதே தப்பு, அதே நான். அங்கே செஃப் சத்தம் போடாதவர். போய் நின்று, "செஃப், ஸ்டாக் ராத்திரி வெளியே இருந்துவிட்டது" என்றேன். என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "கொட்டு. பதினொரு மணிக்குள் புதுசு ஏற்று. யாரையாவது துணைக்கு வைத்துக்கொள்" என்றார். மத்தியானம் கூப்பிட்டு, ராத்திரி கடைசியாகப் போகிறவர் பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டச் சொன்னார். அவ்வளவுதான்.

எந்தச் சமையலறையில் நீங்கள் சாப்பிடுவீர்கள்?

---

திரைக்குப்பின்

நான் தொலைக்காட்சியில் எடிட்டர். போட்டி நிகழ்ச்சிகள் வெட்டியிருக்கிறேன். அக்கா பார்த்த துண்டுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் மகன் போனில் கட்டாயம் இருக்கும் ஒன்று: ஒரு பெண்ணின் இரண்டு காதையும் ரொட்டித் துண்டால் அழுத்தி "நீ யார்?" என்று ராம்ஸே கேட்க, அவர் "முட்டாள் சாண்ட்விச்" என்பார். அது நிஜப் போட்டியே இல்லை. 2015இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோர்டன் என்பவரின் இரவு நிகழ்ச்சிக்காக எடுத்த நகைச்சுவைக் காட்சி. எழுதி, நடித்து எடுத்தது. பாதிப் பேர் அதை நிஜம் என்று நம்பிப் பகிர்கிறார்கள்.

அடுத்து, நொடிந்துபோகும் உணவகங்களை ராம்ஸே சரிசெய்யப் போகும் கிச்சன் நைட்மேர்ஸ் நிகழ்ச்சியை இரண்டு நாட்டிலும் பாருங்கள். பிரிட்டனில் 2004இல் தொடங்கியதில் அவரே பின்னணியில் பேசுவார், உரிமையாளரோடு நடந்து போவார், கணக்கு நோட்டைப் பார்ப்பார். சில இடங்களில் நிஜமாகவே பாடம் நடக்கும். 2007இல் அமெரிக்காவுக்குப் போனதும் அதே ஆள், அதே வேலை. ஆனால் ஒவ்வொரு வசவுக்கும் ஒரு 'டொய்ங்', ஒவ்வொரு முறைப்புக்கும் மூன்று முகத்தின் குளோசப். விளம்பர இடைவேளைக்கு முன் ஒரு வெடி வைத்தே ஆக வேண்டும். மணிக்கணக்காக எடுத்ததில் நாற்பது நிமிடம்தான் மிஞ்சும். அந்த நாற்பதுக்கு எதை எடுப்பேன்? பொறுமையாக வெங்காயம் வெட்டக் கற்றுக்கொடுத்ததையா, தட்டு பறந்ததையா? என் கையே தட்டு பக்கம்தான் போகும், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

ஆகவே உங்கள் மகன் பார்ப்பது ராம்ஸேயின் சமையலறையை இல்லை. எங்கள் எடிட்டிங் அறையை. அந்த ஹோட்டல் செஃபும் அதையே பார்த்து வளர்ந்திருக்கலாம்.

---

கும்பகோணத்தான்

இரவுப்பணி தம்பி, அந்த ஸ்டாக் கதையை இரண்டு தடவை படித்தேன். பயந்தவன் மறைப்பான் என்ற பக்கத்தை நான் யோசித்ததே இல்லை. கண்டிப்பு இருந்தால் சுத்தம் இருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன்.

ஆனாலும் ஒரு கேள்வி. மென்மையாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் நல்லவர்களா? மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியா நடுவர்கள் எவ்வளவு அன்பாக இருந்தார்கள்! அந்த ஊர் ஆட்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

---

நளாயினி_மெல்பர்ன்

இருக்கிறேன் அண்ணை. கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள்.

2009இல் அந்த நிகழ்ச்சி தொடங்கியபோது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்து பார்ப்போம். மூன்று நடுவர்கள். ஆரும் அழுதால் கட்டிப்பிடிப்பார்கள், தோற்றவருக்கும் தட்டிக்கொடுப்பார்கள். அதே வருஷம் மெல்பர்னுக்கு வந்த ராம்ஸே, மேடையில் இங்கத்தைய பெண் பத்திரிகையாளர் ஒருவரை மிக அசிங்கமாகக் கேலி செய்தார். அது ஒரு சமையல் கண்காட்சி, சர்வீஸ் நேரமும் இல்லை, தவறு செய்த சமையல்காரரும் இல்லை. அப்போதைய பிரதமர் கெவின் ரட்கூடக் கண்டித்துப் பேசினார். பிறகு ராம்ஸே மன்னிப்புக் கேட்டார். 'சமையலின் மேல் உள்ள வெறி' என்று அதை ஒருவராலும் சமாளிக்க முடியவில்லை.

அப்போது எங்களுக்கு எல்லாம் தெளிவாக இருந்தது: அவர் கெட்டவர், எங்கடை ஆட்கள் நல்லவர்கள். 2019 ஜூலையில் செய்தி வந்தது. அந்த மூன்று பேரில் ஒருவரான ஜார்ஜ் கலொம்பாரிஸின் உணவக நிறுவனம் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குச் சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்திருக்கிறது. மொத்தம் 78 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். நிறுவனம் தானாகவே போய்ச் சொன்னது, பணத்தையும் திருப்பிக் கொடுத்தது, அதையும் சொல்ல வேண்டும். அந்த வருஷத்தோடு மூன்று பேரும் நிகழ்ச்சியை விட்டுப் போனார்கள். 2020 பிப்ரவரியில் நிறுவனமும் விழுந்தது.

என் மகளின் சிநேகிதி அப்போது வேறொரு உணவகத்தில் வேலை. அங்கே ஒருவரும் ஒரு கெட்ட வார்த்தை பேசமாட்டார்கள். ஆனால் பத்து மணிக்கு முடிய வேண்டிய வேலை பன்னிரண்டரை வரை போகும், கூலி பத்து மணி வரைக்கும்தான். அவளை ஒருவரும் திட்டவில்லை. அவளுடைய இரவுகளை எடுத்துக்கொண்டார்கள்.

அதனால் அக்கா, மகனிடம் கேட்கும்போது "திட்டினாங்களா?" என்பதோடு நிறுத்தாதையுங்கோ. எத்தனை மணிக்குப் போனாய், எத்தனை மணிக்கு வந்தாய், எப்போது சாப்பிட்டாய் என்றும் கேளுங்கோ.

---

சரக்குமாஸ்டர்_மகள்

பெயரைப் பார்த்தாலே தெரியும், என் அப்பா ஹோட்டலில் சரக்கு மாஸ்டர். இந்த இழையைப் படித்துக்கொண்டே அவரைப் பற்றித்தான் நினைத்தேன்.

வலது முழங்கைக்குக் கீழே அவருக்கு ஒரு தழும்பு உண்டு, நீளவாக்கில். பதினான்கு வயதில் அவருடைய மாஸ்டர் ஜல்லிக் கரண்டியால் வைத்த சூடு. பாகு பதம் தவறியதற்காக. அதை விருந்தாளிகளிடம் காட்டுவார், "இதனாலதான் என் ஜாங்கிரி இன்னிக்கு வரைக்கும் தப்பினதில்ல" என்று. அடியாத மாடு பணியாது என்பார். அவரிடம் வேலைக்கு வந்த பையன்கள் மாதத்துக்கு ஒருவராக ஓடிப்போவார்கள். கடைசியில் அந்த ஜாங்கிரிப் பக்குவம் யாரிடமும் போய்ச் சேரவில்லை. அப்பாவுக்கு இப்போது கை மடங்காது. சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை. எங்களுக்குக் கற்றுத்தர ஆரம்பித்தாலும் ஐந்தாவது நிமிடம் குரல் ஏறிவிடும், நாங்கள் எழுந்து வந்துவிடுவோம்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தச் சூட்டை வைத்தவரைத்தான் கேட்க வேண்டும், அவருக்கு யார் வைத்தார்களோ.

---

இரவுப்பணி

சகோதரி, அந்தத் தழும்பைப் பற்றி எழுதியதற்கு நன்றி. ராம்ஸேயும் மார்கோவும் உங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறார்கள்.

இந்தச் சங்கிலி அறுபடாது என்று நினைக்க வேண்டாம். கோபன்ஹேகனில் நோமா என்ற உணவகம். உலகின் சிறந்த உணவகம் என்று 2010 முதல் மூன்று வருஷம் தொடர்ந்து பட்டியலில் முதலிடம். அதன் செஃப் ரெனே ரெட்செப்பி 2015இல் ஒரு கட்டுரை எழுதினார். தன் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதியில் தான் ஆட்களிடம் கத்தி, அவர்களைத் தள்ளி, கொடுமைப்படுத்தியவன் என்று தானே ஒப்புக்கொண்டார். வேறு வழியை யோசிக்க வேண்டும் என்றார். அவர் சொன்னதாலேயே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அங்கே பயிற்சிக்கு வந்து வேலை செய்தவர்களுக்குக் கூலி கொடுக்க ஆரம்பித்தது 2022இல்தான். ஏழு வருஷம். மனசு மாறியதற்கும் சம்பளப் பட்டியல் மாறியதற்கும் நடுவில் அவ்வளவு தூரம்.

கும்பகோணத்தான் அண்ணாவுக்கு ஒன்று. நீங்கள் சொன்ன அந்த மூன்று நட்சத்திர உணவகத்தின் அடுப்பை 2007 முதல் பல வருஷம் நடத்தியவர் க்ளேர் ஸ்மித் என்ற பெண். நட்சத்திரம் ஒன்றுகூடப் போகவில்லை. பிறகு சொந்தமாக உணவகம் திறந்து, அதற்கும் 2021இல் மூன்று வாங்கினார். ராம்ஸே டிவியில் கத்திக்கொண்டிருந்த வருஷங்களில் அந்தச் சமையலறையைக் காத்தவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மல்லிப்பூ அக்காவின் மகன் போனில் அவர் இருக்கமாட்டார்.

மல்லிப்பூ அக்கா, மகனிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். சூடு பட்டால் யார் என்ன கத்தினாலும் நேராகக் குழாயடிக்குப் போய் இருபது நிமிடம் தண்ணீரில் கையைக் காட்ட வேண்டும், டவல் சுற்றக்கூடாது. ஒரு பாக்கெட் நோட்டில் தினமும் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், சாப்பிட்ட நேரம் எழுத வேண்டும். நளாயினி அக்கா சொன்னதேதான். பிரேக் ஷிப்ட் (காலையிலும் மாலையிலும் வேலை, நடுவில் ஓய்வு) என்றால் நடுவில் நிஜமாகவே விட்டார்களா என்றும் எழுதட்டும். கல்லூரியில் ட்ரெய்னிங்குக்குப் பொறுப்பான ஆசிரியர் ஒருவர் இருப்பார். அவரிடம் அழுதுகொண்டு போகாமல் அந்த நோட்டோடு போங்கள்.

அப்புறம், தொழிலை விடச் சொல்லாதீர்கள். நான் விட்டது திட்டு வாங்கியதால் இல்லை, முதுகுவலியால். இன்றைக்கும் ராத்திரி பதினொன்றுக்கு எழுந்து அடுப்பைத் துடைத்துக்கொண்டிருப்பேன். அவ்வளவு பிடித்த வேலை அது.

---

மல்லிப்பூ_மதுரை

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

காயம் ஆறிவிட்டது, தோல் மட்டும் வேறு நிறமாக இருக்கிறது. இந்த இழையை அவனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள், "அந்த ஸ்டாக் விட்ட அண்ணன் எந்த ஊரும்மா?" என்று கேட்டான். அப்புறம் மெதுவாக, அவனும் ஒரு தடவை கெட்டுப்போன க்ரீமை மறைத்ததைச் சொன்னான். க்ளேர் ஸ்மித்தைத் தேடிப் பார்த்தானாம். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நோட்டு எழுதச் சொன்னேன். எழுதியிருக்கிறான். நேற்று பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினான். பதின்மூன்று நாள். குறைந்தது பன்னிரண்டு மணி நேரம், ஒரு சனிக்கிழமை பதினாறரை. 'சாப்பாடு' என்ற இடத்தில் ஐந்து நாள் வெறும் கோடு. ஒரு நாளுக்கு எதிரே, 'நின்னுக்கிட்டே, பிரட் 2' என்று எழுதியிருக்கிறான்.

திங்கட்கிழமை அவனுக்கு ஆஃப். கல்லூரிக்கு இரண்டு பேரும் போகிறோம். பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.